பக்கத்தம்மா

பியானோ வாசிக்கும் கணவரின் இடது தோளை ஒட்டிய முக்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார். கணவர் மூச்சை இழுத்துப் பிடித்ததும் சட்டென்று எழுந்து, இசைப் புத்தகத்தின் மேல் ஓரத்தை விரலால் நெம்பிப் பக்கத்தைப் புரட்டுகிறார். சத்தமே வராது. எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பக்கத்தம்மா என்று பெயர். பக்கம் புரட்டுவதாலா, அவர் பக்கத்தை விட்டு அகலாததாலா என்று யாரும் கேட்டதில்லை.

அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. "எனக்கு அதெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதான். அவர் மூச்சுதான் எனக்குக் கணக்கு" என்பார். முப்பத்தெட்டு வருடம் மேடைகளில் அப்படித்தான். ஒருமுறை யாரோ அவருக்கும் பூங்கொத்து நீட்டினார்களாம். "சைக்கிள் மிதிச்சவரு அவரு. பின்னாடி உக்காந்து வந்தவளுக்கு எதுக்குங்க?" என்று விலகிக்கொண்டாராம்.

இப்போது வீட்டில் கணவர் வாசிப்பது ஒரே ஒரு சொனாட்டாதான், பல பக்கம் நீளும் ஒரு மேற்கத்திய பியானோ உருப்படி. இருண்ட, கோபமான இசை. முதல் மெட்டு பூட்டிய கதவை ஓங்கி இடிக்கும். இரண்டாவது மெட்டு உள்ளிருந்து மெல்ல, "யாரு?" என்று கேட்கும். இந்த இரண்டு மெட்டும் வரும் முதல் பகுதி முடியுமிடத்தில், தாளில் இரண்டு கோடும் இரண்டு புள்ளியும் இருக்கும். முதலிலிருந்து இன்னொரு முறை வாசி என்று பொருள். ஒரே ஒரு முறைதான். அதன் பிறகு இரண்டு மெட்டும் மோதி, உடைந்து, கடைசியில் ஒரே சுருதியில் வந்து அடங்கும்.

கணவரான பியானோ வாத்தியாருக்கு ஒன்றரை வருடமாக மறதி நோய். புள்ளிகளுக்கு வரும்போது, திரும்ப வாசித்தாயிற்றா இல்லையா என்பது நினைவில் இருக்காது. மறுபடியும் கதவை இடிக்கப் போய்விடுவார். ஐந்து முறை, ஆறு முறை, விரல் வீங்கும்வரை. அதனால் இரண்டாம் முறை முடியும்போது பக்கத்தம்மா முந்திக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி, "மேல போங்க, மேல போங்க" என்று காதில் சொல்வார். பல நாள் போவார். சில நாள், "நீ யாருடி எனக்கு வாத்தியார்?" என்று மணிக்கட்டில் ஓங்கி அடிப்பார். அந்த அம்மா முழுக்கைச் சட்டைக்கு மாறியது அதன் பிறகுதான்.

போன வியாழக்கிழமை காலை மகள் காருடன் வந்தாள். காப்பகத்தில் அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்க என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் போனபோது வாத்தியார் வாசிக்க ஆரம்பித்திருந்தார்.

"அம்மா, பன்னண்டு மணிக்குள்ள போகலைன்னா அந்தக் கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"பாதியில எழுப்பினா குழந்தை மாதிரி அழுவாருடி. இது முடிஞ்சதும் கூட்டிட்டுப் போ."

"உன் கையைக் காட்டு. எத்தனை நாளைக்கு மறைப்ப?"

"நான் கேட்டேனா உன்கிட்ட?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "சரி. முடிக்கட்டும்."

முதல் முறை முடிந்தது. இரண்டாம் முறையும் புள்ளிகளை நெருங்கியது. அன்றைக்கென்று வாத்தியாருக்கு நினைவு தெளிவாக இருந்தது. மேலே போக அவராகவே மூச்சை இழுத்துப் பிடித்து, புரட்டு என்று தலையை அசைத்தார்.

பக்கத்தம்மா எழுந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. தாள்களை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து, முதல் பக்கத்துக்கே திருப்பி வைத்தார்.