கோணேஸ்வரி அக்கா கையெழுத்திட்ட தேர்தல்

கோணேஸ்வரி அக்காவுக்குக் கனடாவில், ரெக்ஸ்டேலில் வீடு. விமான நிலையம் கிட்ட என்பதே காரணம். ஆபிரிக்க நாடுகளில் தேர்தல் நடந்தால் பார்வையாளராகப் போவதுதான் அவர் தொழில். கனடாத் தேர்தலொன்றில் ஒருநாள் வேலையாக வாக்கு எண்ணப் போனவர், பிறகு அதையே படித்து, இருபது வருடத்தில் பதினேழு தேர்தல்களைக் கண்டுவிட்டார். ஒரு நாட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு எண்ணினார்கள். ‘நேர்மையாக நடந்தது’ என்ற அறிக்கையில் கையெழுத்திட மறுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்படியொரு பிடிவாதக்காரி.

அக்காவும் நானும் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கத்தில் ஆபிரிக்கா என்றால், “பாவம், அங்கை எங்கை சனநாயகம்” என்று உச்சுக்கொட்டுவோம். எங்களுக்கோ பதினான்கு வருடமாக ஒரே தலைவர், அன்புராசா அண்ணை. பொதுக்கூட்டத்தில் ஒருவர் அவர் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், உடனே கைதட்டல். ‘ஏகமனதாகத் தெரிவு’ என்று எழுதிவிட்டுக் கொத்துரொட்டி சாப்பிடப் போவோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கைதட்டியவன்தான்.

இந்த வருடம் தேனுகா என்ற இளம் தாதி, தானும் போட்டியிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்புராசா அண்ணை விடுவாரா? கோணேஸ்வரி அக்காவை மேடையில் ஏற்றி, கூட்டம் தொடங்குமுன்னரே ஒரு கடிதத்தை நீட்டினார். ‘தெரிவு நீதியாக நடந்தது’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“ஒரு சைன் மட்டும் வையும் தங்கச்சி. எல்லாரும் எங்கட ஆக்கள்தானே.”

அக்காவின் தொழிலே அந்தக் கையெழுத்தில்தான் நிற்கிறது. இட்டால் இருபது வருடப் பேர் போய்விடும். மறுத்தால் சொந்தச் சனமே பகை.

“இன்னும் நடக்காததுக்கு எப்பிடி அண்ணை சைன் வைக்கிறது?” என்றார் அக்கா, மைக்கை அணைக்காமலே. “எல்லாரும் வோட்டுப் போடுங்கோ. எண்ணுறதையும் நிண்டு பாருங்கோ. ஆபிரிக்காவில தேர்தல் நடத்திற பள்ளிக்கூட வாத்திமார் எனக்குக் காட்டித்தந்த முறை அது.”

“உவ ஆர் எங்களுக்குச் சட்டம் சொல்ல?” என்று பின்வரிசையிலிருந்து அண்ணையின் கூட்டாளி பஸ்ரியன் பாய்ந்தார். மண்டபம் இரைந்தது. அப்போது முன்வரிசையில் ஓர் அன்ரி எழும்பி, “எனக்கு ஒரு வோட்டுத் துண்டு தாங்கோ” என்று கையை நீட்டினார். பிறகென்ன, வரிசை வாசல்வரை நீண்டது.

சிற்றுண்டிக்குப் பற்றிஸ் வந்த பெட்டியை வெறுமையாகத் திறந்து எல்லோருக்கும் காட்டி, அதையே வாக்குப்பெட்டி ஆக்கினார் அக்கா. எல்லோரும் போட்டு முடிந்ததும் ஒவ்வொரு துண்டையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டி வாசித்தார். முடிவைப் பெரிய தாளில் எழுதி, கையெழுத்திட்டு, மண்டபக் கதவில் ஒட்டினார். தேனுகா அறுபத்துநான்கு, அன்புராசா ஐம்பத்தொன்று. எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

அன்புராசா அண்ணை அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“இந்த ஐம்பத்தொண்டும் மெய்யா எனக்கு விழுந்ததோ?”

“ஓம் அண்ணை. ஒவ்வொண்டும்.”

தன்னை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பது பதினான்கு வருடமாக அவருக்கே தெரிந்திருக்கவில்லை. நிமிர்ந்து நடந்துபோய், சங்க அலுவலகச் சாவிகளைத் தேனுகாவின் கையில் வைத்தார்.

“அடுத்தமுறை உம்மை வெல்லுவன், பிள்ளை.”