கைரோபிராக்டிக் மேஜையில் என் வலது கை

மூணு வாரமா கழுத்து வலது பக்கம் திரும்பல. இன்னைக்கு மதியம் இங்க சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோடு பக்கத்துல, எலும்பு மூட்டைக் கையாலேயே சரிபண்ற ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு முதல் தடவையா போனேன். கழுத்தை டக்குன்னு திருப்பிடுவாங்களோன்னு வழியெல்லாம் பயம்.

தெரபிஸ்ட் நஸ்ரின் அக்கா சிரிச்சாங்க. "முதல் நாளே நெட்டி எல்லாம் முறிக்க மாட்டேன் லா. இன்னைக்கு தசையை மட்டும் தளர்த்துவோம். வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுவேன்."

மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினேன். என் வலது கையைத் தூக்கிப் பிடிச்சாங்க.

"ரிலாக்ஸ் பண்ணுங்க."

"ரிலாக்ஸாத்தான் இருக்கேன்."

"கையை எங்கிட்ட விட்டுடுங்க."

"விட்டுட்டேன்க்கா!" எனக்குக் கோபமே வந்துருச்சு.

அப்புறம் எங்கேயோ தண்ணி விழற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"கண்ணைத் திறங்க." குரல் அறையோட அந்தக் கோடியிலேர்ந்து வந்துச்சு.

அக்கா அங்கே கை கழுவிட்டு இருந்தாங்க. என் கை அந்தரத்துல நின்னுச்சு. மணிக்கட்டுல அவங்க விரல் இன்னும் அழுத்துற மாதிரியே இருந்துச்சு.

"இப்ப இறக்குங்க."

உடனே இறங்கல. சத்தியமா.

"புதுசா வர்றவங்க நிறைய பேருக்கு இப்படித்தான். நீங்க விட்டாலும் அது விடாது"ன்னு சாதாரணமா சொன்னாங்க.

பிடோக்ல இருக்கற வீட்டுக்குத் திரும்புற பஸ்ல பார்த்தேன். போனைப் பார்த்துட்டு இருந்த அத்தனை பேர் தோளும் காதுகிட்ட நின்னுச்சு. ஒருத்தருக்கும் தெரியல.

நீங்களும் தோளைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்க.

இறங்குச்சா?

அப்ப இவ்வளவு நேரம் அதைத் தூக்கிப் பிடிச்சிட்டு இருந்தது யாரு? கமெண்ட்ல சொல்லுங்க.