கல்லுக்குக் கிடைத்த மரியாதை

செய்தித்தாளைச் சத்தமிட்டு வாசிக்கும் பொறுப்பை எனக்கு எவரும் தந்ததில்லை. நானே எடுத்துக்கொண்டேன். எழுபதுகளின் நடுப்பகுதியில், ஹட்டனிலிருந்து வரும் பகல் பஸ் எங்கள் தோட்டத்துச் சந்தியில் நிற்கும்போது, தேத்தண்ணிக் கடைக்குரிய ஒரேயொரு தாளையும் இறக்கிவிட்டுப் போகும். எனக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. மாலையில் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு அந்தக் கடைக்குப் போவேன். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் அங்கு வேறு சிலரும் இருந்தனர். ஆயினும் தடுமாறாமல், மூச்சுவிடும் இடமறிந்து வாசிப்பவன் நான் ஒருவனே. அதைப் பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுத்தரவில்லை. கருவாடும் சீனியும் சுற்றி வந்த தாள்களை விரித்து விரித்து நானே பழகிக்கொண்டேன்.

அந்நாட்களில் தாளில் இருந்தது என்ன? அரிசி இல்லை, மாவுக்கு வரிசை என்று ஒரு பக்கம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்று இன்னொரு பக்கம். வெள்ளைக்காரத் துரை போய் உள்நாட்டுத் துரை வந்தார். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கூரைத் தகரமோ அதே ஓட்டைகளோடு இருந்தது. குடியுரிமையற்ற எங்களில் மேலும் பல குடும்பங்கள் கப்பலேறி இந்தியா போகும் என்ற செய்தி மாதம் தவறாமல் வரும். மழை பொய்த்த செய்தி ஓய்ந்தால், மழை பெய்து மண் சரிந்த செய்தி தொடங்கும். எங்கள் மலைகளில் ஊறிய நீர் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் மின்சாரமாகிக் கொழும்பில் விளக்காக எரிந்தது. அதைப் பெருமையோடு எழுதிய கட்டுரையை நான் குப்பி விளக்கின் புகையில் வாசித்தேன்.

"அண்ணே, இன்னைக்கி எந்த மல சரிஞ்சிச்சு?" என்று கடைக்காரர் கேட்பார்.

"முழுசா கேளுங்க. நடுவுல பேசாதீங்க."

"நல்லதா ஏதாச்சும் இருந்தா வாசிங்க. இல்லாட்டி தாளக் குடுங்க, கடல சுத்திடுறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். அவர்கள்மீதன்று. சிரிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத நிலையில் அவர்களை வைத்திருந்தோர்மீது.

எங்கள் லயத்துக்கு நீர் தந்தது ஒரு பீலி. மலைச்சரிவின் ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக வந்து கொட்டும் நீர் அது. ஊற்றுக்கு மேலே பழைய காடு இருந்தது. தொழிற்சாலை அடுப்புக்கு விறகு வேண்டுமென்று நிர்வாகம் அதில் பெரும்பகுதியை வெட்டியது. வெட்டிய இடத்தில், விரைவாக வளரும் என்று டர்பன்டைன் மரங்களை நட்டது. அம்மரம் நிலத்தடி நீரைக் குடித்து வளர்கிறது என்பது அங்குள்ள அனைவருக்கும் தெரியும். சில ஆண்டுகளில் கையளவு தடிப்பாக விழுந்த நீர் விரலளவாயிற்று. வெயில் மாதங்களில் சொட்டாயிற்று. நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் குடத்தோடு இருட்டும் வரை காத்து நின்றார்கள். பொறுக்க மாட்டாதவர்கள் லயத்துக் கழிவு ஓடும் கானிலிருந்து நீரை மொண்டார்கள். அந்நீரைக் குடித்த கைக்குழந்தையொன்று எங்கள் காம்பராவுக்கு அடுத்த அறையில் வயிற்றோட்டத்தால் இறந்தது. எந்தத் தாளிலும் அது செய்தியாக வரவில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

குழந்தையைப் புதைத்த மறுவாரம் நாங்கள் சிலர் ஆபீசுக்குப் போனோம். ஊற்றுக்கு மேல் எஞ்சியிருந்த காட்டை வெட்டாதிருக்க வேண்டும், ஊற்றைச் சுற்றிக் காட்டு மரங்களை நட அனுமதிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. துரை எங்களைப் பார்க்கவில்லை. மலையில் எங்கள் வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"நீங்கெல்லாம் கப்பலுக்கு எழுதிக் குடுத்த ஆளுங்க. போற எடத்துல மரம் நட்டுக்கங்க. இங்க ஒங்களுக்கு என்னாத்துக்குக் காடு?"

ஐம்பதாண்டு வாழ்வில் எத்தனையோ இழிசொற்களைக் கேட்டிருந்தேன். இதைப்போல் ஒன்று என்னை எரித்ததில்லை. எங்கள் பாட்டன்மார் காலந்தொட்டு அம்மலையைத் திருத்தியவர்கள் நாங்கள். எங்களைக் கேளாமல் இரண்டு அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தமொன்று எங்களைப் பயணிகளாக்கிற்று. பயணிக்குத் தாகம் எடுக்கலாகாது என்ற விதியை இந்த மனிதர் அதனோடு சேர்த்துவிட்டார். பின்னால் நின்ற என் மனைவி சொன்னாள்:

"கப்பல் வர்ற வரைக்கும் தண்ணி குடிக்கணுமேங்க, ஐயா."

"ரொம்பப் பேசினா ஒனக்கு நாளைக்கு அரைப் பேருதான்" என்றார். முழுநாள் உழைப்புக்கு அரைநாள் சம்பளம் என்பது அதன் பொருள்.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கூடைகள் மாலையில் சோதிக்கப்படும், நிறுக்கப்படும். காலையில் வெறுங்கூடையோடு மலையேறுபவளை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வெறுங்கூடைகளில் கன்றுகள் ஏறத் தொடங்கின. எஞ்சிய காட்டின் ஓரத்தில் முளைத்திருந்த காட்டு நாவல், கித்துள் பனை, மூங்கில் கிழங்கு என்று கிடைத்ததையெல்லாம் என் மனைவியும் அவளுடைய நிரையில் நின்ற பெண்களும் ஊற்றைச் சுற்றி நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழி வெட்டிக் கொடுத்தேன். எங்கள் பெயரும் இந்தியாவுக்குப் போவோர் பட்டியலில் இருந்தது. ஒருநாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இவ்வளவு பாடு எதற்கென்று அவளிடம் கேட்டேன்.

"நமக்குப் பின்னாடி இந்தக் காம்பராவுக்கு வர்றவ தண்ணிக்கு நிக்கிறப்ப என்னையத் திட்டக் கூடாதுங்க" என்றாள். அடுத்த கன்றை எடுத்தாள்.

கன்றுகள் இடுப்புயரம் வளர்ந்தபோது கண்டாக்கு ஐயா கண்டுவிட்டார். காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும் வேளையில், எங்கள் கவ்வாத்துக் கும்பலை அங்கே போகச் சொன்னார். அனுமதியின்றி நட்டவை அனைத்தும் களை. வெட்டி எறிய வேண்டும். நான் குழி வெட்டிய கன்றுகளை நானே வெட்டுவதற்குக் கத்தியோடு ஏறினேன். மறுத்தால் பேர் இல்லை. மறுப்பு தொடர்ந்தால் காம்பராவும் இல்லை.

ஊற்றடியை அடைந்ததும் முன்னால் சென்றவன் நின்றுவிட்டான். பெரிய நாவல் கன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அடியில் மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு கல். அதன் முன் உடைத்த தேங்காய். சேதி முன்னரே பெண்களுக்கு எட்டியிருந்தது போலும். அக்கல்லை நான் அறிவேன். முதல்நாள் மாலை வரை எங்கள் கோழிக்கூட்டுக் கதவுக்கு அண்டை கொடுத்திருந்தது அது.

கும்பலில் ஒருவன் விடாமல் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"யார்ரா இத வச்சது?" என்று கண்டாக்கு ஐயா கத்தினார்.

"ஊத்துச் சாமிங்க, ஐயா" என்றான் எங்களில் வாய்த்துடுக்கான ஒருவன். "முந்தியிருந்தே இருக்குது."

"நேத்து இல்லியேடா?"

"நேத்து ஐயா சப்பாத்துக் காலோட வந்தீங்க. தெரிஞ்சிருக்காது."

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எனக்கு இதெல்லாம் கெடையாது. வெட்டுங்கடா!"

"அப்ப மொத வெட்டு நீங்களே வெட்டுங்க, ஐயா" என்று அவன் தன் கத்தியைப் பணிவாக நீட்டினான்.

கண்டாக்கு ஐயா கத்தியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். எங்களை வேறு மலைக்குப் போகச் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கும்போது அந்த இடத்தைக் கடக்கும் வரை தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

தோழர்கள் வழிநெடுகச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க இயலவில்லை. ஒரு குழந்தை செத்தது போதவில்லை. பெண்கள் குடத்தோடு நின்றது போதவில்லை. நாங்கள் கைகட்டிக் கேட்டது போதவில்லை. கோழிக்கூட்டுக் கல் போதுமாயிருந்தது! மனிதரின் தாகத்துக்கு மறுக்கப்பட்ட மரியாதை மஞ்சள் பூசிய கல்லுக்குக் கிடைத்தது. இதை அன்று மாலை மனைவியிடம் ஆத்திரத்தோடு சொன்னேன்.

"சாமியா இருந்தா என்னா, கல்லா இருந்தா என்னாங்க? கோழிக்கு வேற கல்லு பாருங்க" என்றாள்.

ஆண்டுகள் சென்றன. ஊற்றுச் சாமிக்கு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு எரிந்தது. இடமாற்றம் வேண்டிக் கண்டாக்கு ஐயா வீட்டிலிருந்தே சூடம் வந்ததென்று சொல்லிச் சிரிப்பார்கள். எண்பதுகளில் தாள் இன்னும் கொடியதாயிற்று. எரிந்த கடைகள், அடிபட்ட மனிதர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள் என்று பக்கம் பக்கமாக வாசித்தேன். அக்காலத்தில் மேடையேறியோர், கவ்வாத்து வெட்டிய தேயிலைபோல் நாம் மறுபடி துளிர்ப்போம் என்று எங்களைத் தேற்றினார்கள். என் தொழிலறிந்து சொல்கிறேன், எனக்கு அவ்வுவமை பிடிக்கவில்லை. தேயிலையைத் துளிர்க்கவிடுவது மறுபடி பறிப்பதற்காக. என்னை நிமிர்த்தி வைத்தது அப்பேச்சன்று. காலையில் கேட்ட பீலியின் சத்தம். சொட்டு மறுபடி விரலளவாகி, பிறகு இருவிரலளவாகியிருந்தது. எங்கள் கப்பலோ வரவேயில்லை.

அப்படியொரு வேளையில்தான் ஒரு பெரிய மனிதர் மரம் நட வந்தார். நாடெங்கும் மரம் நடும் வாரமாம். நிழலும் நீருமுள்ள அழகிய இடம் என்று நிர்வாகம் அவரை எங்கள் ஊற்றடிக்கே அழைத்து வந்தது. நாங்கள் நட்ட நாவலின் நிழலில் நாற்காலி போட்டார்கள். பாதைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். லயத்துப் பெண்களைக் கைதட்டுவதற்காக வரிசையில் நிறுத்தினார்கள். பெரிய மனிதர் வெள்ளிப்பூண் போட்ட மண்வெட்டியால் ஒரு கன்றை நட்டார், படம் பிடித்தார்கள். அந்தக் கன்று டர்பன்டைன். ஊற்றிலிருந்து ஒரு பாய் நீளத்துக்கு அப்பால் டர்பன்டைன்!

மறுநாள் காலை என் மனைவி வெறுங்கூடையோடு மலையேறினாள். போகிற வழியில் ஊற்றடியில் குனிந்தாள். மாலையில் அவள் கூடையை நிறுத்தபோது கொழுந்து மட்டுமே இருந்தது. கன்று எங்கே என்று கேட்டேன்.

"கான்ல போட்டுட்டேன். அந்தக் குழி நல்ல ஆழமா இருந்திச்சுங்க. கித்துள் வச்சுட்டேன்."

இரண்டொரு நாளில் தாள் வந்தது. முதற்பக்கத்திலேயே படம்: பெரிய மனிதர், மண்வெட்டி, கன்று, பின்னால் சிவப்புத் துணியின் ஓரம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். 'தோட்ட நிர்வாகத்தின் தொலைநோக்கினால் பாதுகாக்கப்பட்டு வரும் இவ்வூற்றின் அருகே நாட்டப்பட்ட இம்மரம், வருங்காலச் சந்ததியினருக்கு...' அதற்குமேல் கடையில் என் குரல் கேட்கவில்லை. கன்று போன இடம் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். 'தொலைநோக்கு' என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்த முள்ளோடே நானும் சிரித்துவிட்டேன்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ ஆண்டுகளாக என்னிடம் தாளைப் பறிக்கக் கை நீட்டியவர், அன்று எனக்கொரு தேத்தண்ணியை ஊற்றி முன்னால் வைத்தார்.

"அண்ணே, மொதல்லயிருந்து இன்னொரு தடவ வாசிங்க."