ஸ்கேன் அக்கா போட மறுத்த கையெழுத்து

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அக்காதான். பதினேழு வருடமாக அதே குளிர் அறை, அதே இயந்திரம். நகையைக் கழற்ற மறுப்பவர்களிடம் மல்லுக்கட்டுவதிலிருந்து, பயந்து நெளிகிறவர்களை அதட்டி அசையாமல் படுக்க வைப்பதுவரை எல்லாம் அவள் தலையில். அவள் எடுக்கிற படம் சர்வருக்குப் போகும். தலைமை மருத்துவமனையில் மூளை டாக்டர் அதைத் திறந்து பார்த்து, சரி என்றால்தான் நோயாளியை அங்கே கொண்டுபோக ஆம்புலன்ஸ் கிளம்பும்.

அன்று காலை வந்து பார்த்தால், யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டர் புது மென்பொருளை ஏற்றிக்கொண்டு பளபளவென்று இருந்தது.

பத்து மணிக்குச் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரைக் கொண்டுவந்தார்கள். கூடவே அவர் மனைவி. மண்டைக்குள் ரத்தம் கசிவது படத்தில் நன்றாகவே தெரிந்தது. அக்கா அனுப்பிப் பார்த்தாள். சர்வர் இல்லை என்றது திரை. செட்டிங்ஸைத் திறந்தால் சர்வர் முகவரி இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, கனெக்‌ஷன் எல்லாம் அழிஞ்சுபோச்சு. நம்பரைச் சொல்லுங்க, நானே போட்டுக்கிறேன்.”

“அதெல்லாம் பத்திரமா எழுதி வச்சிருக்கோம்க்கா.”

“எங்க?”

“சர்வர்லதான்க்கா.”

“உங்க கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்களேன்.”

“அப்டேட் எங்களுக்கும்தான வந்துச்சு. கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம். நாலு மணி நேரத்துல கூப்பிடுவாங்க.”

வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று சொல்கிறவனை என்ன செய்வது? அக்கா வாயில் வந்ததை எழுத முடியாது.

“படம் எடுத்தாச்சுல்லம்மா? இன்னும் ஏன் இங்கயே வச்சிருக்கீங்க?” என்றாள் கொத்தனாரின் மனைவி. வரும்போது பேர் கேட்டதற்குப் பதில் சொன்ன மனுஷனுக்கு இப்போது நாக்குக் குழறியது.

நோயாளியின் படத்தைச் செல்போனில் எடுத்தால் வேலை போகும் என்று கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே அக்காதான். திரையை எட்டுப் படம் பிடித்து மூளை டாக்டரின் செல்போனுக்கு அனுப்பினாள். மூன்றாவது நிமிடம் பதில் வந்தது: உடனே அனுப்புங்க. ஆம்புலன்ஸ் கிளம்பியது.

ஆபரேஷன் முடிந்து கொத்தனார் பிழைத்துக்கொண்டார். நாலாம் நாள் அக்காவை விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். எத்தனை படம், எந்தப் போன், யார் அனுமதி என்று குடைந்தெடுத்தார்கள். சர்வர் முகவரி எப்படிப் போயிற்று என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மூத்தவர் ஒரு தாளை நகர்த்தினார்.

“இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு இருக்கு. கையெழுத்துப் போடுங்கம்மா, இதோட விட்டுடலாம்.”

அக்கா தாளை முழுக்கப் படித்தாள். பேனாவையும் எடுத்தாள்.

“அடுத்த அப்டேட் எப்ப சார்?”

“வர்ற வெள்ளிக்கிழமை. ஏன்?”

அக்கா பேனாவை மூடி வைத்தாள். “அப்ப என்னால இதுல கையெழுத்துப் போட முடியாது சார்.”