சூப்பரிண்டெண்ட் சாரின் ஏழாவது பதிவு

என் பழைய காரை விற்பதற்கு முன்னால் டேஷ்போர்டு அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது அது கையில் தட்டுப்பட்டது. கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புச் சாதனம். ஒரு முனையில் ஸ்பிரிங், மறுமுனையில் வால் மாதிரி ஒரு வயர். மேலே மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டி, நீல மையில் 87.9 என்று எழுதியிருந்தது. காரை வாங்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதேனு மேடம்?", இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார். "ரேடியோ ஸ்டேஷன்" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அது எங்கள் சூப்பரிண்டெண்ட் சாருடையது. அப்போது நான் சாமராஜநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வீடு மைசூரில். சாருக்கும் வீடு மைசூரில், விஜயநகரில். தினமும் காலையில் அவருடைய பழைய காரில் போவோம். முன்சீட்டில் நான். பின்சீட்டில் எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. அவர் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார், ஆபீஸ் வாசலில்தான் கண் திறப்பார். சார் கொள்ளேகால் பக்கத்துக்காரர். என்னை "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். நான் மைசூரில் பிறந்து வளர்ந்தவள், என் தமிழில் பாதி கன்னடம். அவருடைய தமிழைக் கேட்பதற்காகவே அந்த அறுபது கிலோமீட்டர் எனக்கு அலுக்காமல் இருந்தது.

வெளிநாட்டிலிருந்த மகள் அவருக்கு ஒரு சின்ன எம்பி3 பிளேயர் அனுப்பியிருந்தாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் அதற்கென்று சார் வாங்கிச் சேர்த்த சாமான்களுக்கு ஒரு பை தேவைப்பட்டது. கீழே விழுந்தால் உடையக்கூடாது என்று தடிமனான ரப்பர் கவர். இயர்போன் காதுக்கு மெத்தென்று இருக்க நான்கு நிறத்தில் பஞ்சு உறை. ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்க, கவட்டை மாதிரி பிரியும் வயர். ஓடும்போது கையில் கட்டிக்கொள்ளும் பட்டை. சார் ஓடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார், அடுத்த பஸ் வரும் என்று நிற்பார். "இருக்கட்டும் அம்மிணி, எப்பவாச்சும் வேணும்னா தேடோணுமல்லோ" என்பார்.

இந்தக் கூட்டத்தில் உருப்படியானது அந்த டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான். கார் ரேடியோவில் பிளேயரை நேரடியாக மாட்ட வழி கிடையாது. டிரான்ஸ்மிட்டரின் ஸ்பிரிங் முனையை சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகி, வால் வயரைப் பிளேயரில் மாட்டினால், அது சின்னதாக ஓர் ஒலிபரப்பு நடத்தும். ரேடியோவை 87.9-இல் வைத்தால் பாட்டு வரும். வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத மனிதர் அந்தத் துளைக்கு ஒரு வேலை கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷப்பட்டார். அந்த அலைவரிசை பத்துப் பன்னிரண்டு அடி தூரம்வரை போகும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சாருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டில் வேறு யாரும் இல்லை. சார் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார். மைசூருக்கே மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார். அதை எங்கள் அதிகாரி கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பவேண்டும். அவர் வடக்கே தார்வாட் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. கெட்டவர் இல்லை, மறதிக்காரர். போய் நின்று பேசினால் நடந்துவிடும். சாருக்கு அந்த அறைக்குள் போனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். போவார், வேறு ஏதாவது ஃபைலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார். இப்படி அவர் வாங்கி வந்த தேவையில்லாத கையெழுத்துகளால் எங்கள் ஆபீஸில் வேலை கொஞ்சம் வேகமாகவே நடந்தது.

"பிளேயரில் குரல் பதிவு இருக்கிறதே சார், பேசிப் பழகுங்கள்" என்று யோசனை சொன்னது நான்தான். மதிய இடைவேளையில் காரைப் புங்க மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கன்னடத்தில் பேசிப் பதிவு செய்தார். முதல் பதிவு பரம பணிவு, "மரியாதைக்குரிய ஐயா அவர்களே" என்று தொடங்கும். இரண்டாவதில் பாதியில் அழுதுவிட்டார். மூன்றாவதில் விதி எண்கள் மட்டும்தான். நான்காவதில் ஒரு லாரி ஹாரன். ஐந்தாவது இருமல். ஆறாவதில் வெறும் மூச்சுச் சத்தம், அதை அழிக்க அவருக்குத் தெரியவில்லை.

ஏழாவதைப் பதிவு செய்த நாளுக்கு முந்தின நாள் அவர் மனைவி சமையலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியாமல், பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்க்கும்வரை, மத்தியானம்வரைக்கும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பதிவைச் சார் போட்டுக் காட்டினார். "உங்களுக்கு ஜீப் கதவைத் திறந்துவிட ஆள் இருக்கிறது. என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. என் மனு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. அதன்மேல்தான் தினமும் டீ டம்ளரை வைக்கிறீர்கள். வட்டம் வட்டமாகக் கறை இருக்கிறது, நான் எண்ணியிருக்கிறேன்." கோபம் உச்சிக்குப் போனதும் அவரைக் கன்னடம் கைவிட்டுவிட்டது. கடைசி வரி சுத்தமான கொள்ளேகால் தமிழ்: "நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" பதிவு அதோடு முடிந்தது. "இதை அழிச்சுப்போடோணும்" என்றார். அழிக்கத்தான் தெரியாதே.

மறுவாரம் ஒரு நாள் காலை, நஞ்சன்கூட்டுக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. நம் ஊர் வழக்கப்படி பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வரிசையை மதிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. எங்களை ஒட்டி வந்து நின்றது அதிகாரியின் ஜீப். சார் உட்கார்ந்தபடியே வணக்கம் வைத்தார். ஜீப் டிரைவர் ரேடியோவில் ஸ்டேஷன் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் காரில் கடைசிப் பக்திப் பாட்டு முடிந்து, பிளேயர் தானாகவே குரல் பதிவுகளுக்குத் தாவியது.

"மரியாதைக்குரிய ஐயா அவர்களே" என்றது எங்கள் ரேடியோ. "மரியாதைக்குரிய ஐயா அவர்களே" என்றது ஜீப்பின் ரேடியோவும்.

சார் பிளேயரின் மேல் பாய்ந்தார். ஆனால் அந்த ரப்பர் கவர் இருக்கிறதே, அதன்மேல் ஒரு தடவை அழுத்துவதற்கே கட்டைவிரல் நகம் வெளுக்கும். பதற்றத்தில் எதுவும் அழுந்தவில்லை. பணிவான குரல் இரண்டு வண்டிகளிலும் முழங்காலைப் பற்றி விளக்கிக்கொண்டே போனது. "என் மனைவி மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான்..." என்ற இடத்தில் ரயில் போய்விட்டது, கேட் திறந்தது, ஜீப் நகர்ந்துவிட்டது. வயரைப் பிடுங்கினால் போதும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. டைப்பிஸ்ட் அம்மா விழிக்கவே இல்லை.

பதினோரு மணிக்கு அதிகாரியின் அறையிலிருந்து சாருக்கு அழைப்பு வந்தது. "ஒரு ஃபைலைத் தூக்கிக்கிட்டு நீயும் வா அம்மிணி. தனியாப் போனா விழுந்துருவனாட்ட இருக்குது." போனோம். அதிகாரி கோபமாக இல்லை. காலையில் கேட் திறந்துவிட்டதால் பாதியில் போய்விட்டது, மீதியைச் சொல்லுங்கள் என்றார். சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. "ஹேளி, ஹேளி", சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அதிகாரி ஊக்கப்படுத்தினார். சார் நெற்றியைத் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பிளேயரை எடுத்தார், இயர்போனின் பஞ்சு உறையை ஒருமுறை கைக்குட்டையால் துடைத்தார், அதை அதிகாரியிடம் நீட்டினார். அவரும், என்ன நினைத்தாரோ, வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். சார் மேஜைக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்று பிளேயரை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

பிளேயரின் திரை என் பக்கம் திரும்பியபோது அதில் ஏழு என்று இருந்தது.

இயர்போனிலிருந்து கொசு மாதிரி சாரின் குரல் கசிந்தது. அதிகாரியின் புருவம் ஏறியது, இறங்கியது, நடுவில் ஒருமுறை அவர் பார்வை மேஜைக்குப் போனது. முடிந்ததும் இயர்போனைக் கழற்றி வைத்தார். கடைசியில் தமிழில் ஏதோ சொன்னீர்களே, என்ன அது என்று கேட்டார். சார் என் பக்கம் திரும்பினார். "நன்றி சொல்கிறார் சார். தமிழில் முடிக்கும்போது அப்படித்தான் முடிப்போம்" என்றேன் நான். என் அரசுப் பணியில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அதிகாரி டீ டம்ளரைத் தூக்கினார். அடியிலிருந்த காகிதத்தை எடுத்து, வட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்மேலேயே கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் சாருக்கு மைசூர் கிடைத்தது.

அன்று மாலை வீடு திரும்பும்வரை சார் புலம்பிக்கொண்டே வந்தார். "கை தவறி ஏழுக்குப் போயிருச்சு அம்மிணி. எல்லாம் இந்தக் கவரால வந்த வினை." ஆபீஸில் எல்லோருக்கும் இதை ஒரு தமாஷாகச் சொல்லிச் சொல்லிப் பரப்பியது நான்தான். சாரின் கை தவறிய கதை என்றே அதற்குப் பெயர். மாற்றலாகிப் போகும்போது டிரான்ஸ்மிட்டரை எனக்குக் கொடுத்துவிட்டார். மைசூருக்குள் வண்டி ஓட்ட ஒலிபரப்பு எதற்கு என்றார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகி, நன்றாக நடக்கிறார். கையில் அந்தப் பழைய பட்டையைக் கட்டி, அதில் மொபைலைச் செருகி, நடைப்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பாத்தியா, வேணும்னப்ப கெடச்சுது" என்றார் சார் பெருமையாக. காப்பி குடிக்கும்போது, அன்றைக்கு மட்டும் உங்கள் கை தவறாமல் இருந்திருந்தால் என்று நான் பழைய தமாஷை ஆரம்பித்தேன். சார் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கவரு மேல ஒரு தடவை அழுத்தறதுக்கே கட்டைவெரலு நோகும். ஒண்ணுல இருந்து ஏழுக்குப் போகோணும்னா ஆறு தடவை அழுத்தோணும். ஆறு தடவையா அம்மிணி கை தவறும்?"

இத்தனை வருஷம் ஒரு கோழையின் கதையாக இதைச் சொல்லித் திரிந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

காரை வாங்க வந்தவர் இன்னும் அதைக் கையில் வைத்திருந்தார். வேண்டாம் என்றால் தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது நானும் ஒரு சூப்பரிண்டெண்ட். அது என் ஆபீஸ் மேஜையில், மனுக்கள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ டம்ளரை நான் ஜன்னல் விளிம்பில்தான் வைக்கிறேன்.