காலி லோரியின் நடுக்கம்

லோரிக்கு அடியில் படுத்தால்தான் சுகுமாரனுக்கு மூளை வேலை செய்யும் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டம். அதன் பட்டறையில் இருபத்திரண்டு வருடம். அதில் பாதியை மல்லாந்தே கழித்திருப்பார். அவர் கைபட்டு ஓடாத லோரி இல்லை என்று பெயர். அந்தப் பெயரை அவரே கொஞ்சம் அதிகமாக நம்பிவிட்டார்.

அதற்கு வேட்டு வைத்தது ஏழாம் நம்பர் லோரி. எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புக்குழாய்க்கு ஷாப்ட் என்று பெயர். நான்கே மாதத்தில் மூன்று முறை அது இணைப்பில் உடைந்தது. ஒவ்வொரு முறையும் சுகுமாரன் புது இணைப்புப் போட்டார். முரட்டுத்தனமாக மிதிக்கிறான் என்று பழியை டிரைவர் சேதுவின் காலில் போட்டார். மேனேஜர் ஷாமளா அதை நம்பி, திங்கட்கிழமையிலிருந்து சேது செம்பனைக் குலை வெட்டப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். பதினோரு வருடம் லோரி ஓட்டியவன் சேது.

"அண்ணே, லோடு இருந்தா கம்முனு போவுது. காலியா திரும்பும்போதுதான் நடுங்குது. எத்தன வாட்டி சொல்லிட்டேன்."

"பாரம் ஏத்துனா ஒடையாதது காலியா போனா ஒடையுமா? கத வுடாதடா."

"ஒரே நடை என்கூட வாங்க லா. அப்பறம் என்ன வேணா சொல்லுங்க."

சனிக்கிழமை காலை, வேண்டாவெறுப்பாக ஏறி உட்கார்ந்தார் சுகுமாரன். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரை முன்னால் இருந்த கொக்கியில் மாட்டினார். ஆலை வரைக்கும், அத்தனை குலைப் பாரத்தோடும், தேநீர் அலுங்கவில்லை.

குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். வேகம் அறுபதைத் தொட்டதும் தேநீரில் சின்னச் சின்ன வளையங்கள். அப்புறம் அவர் முதுகுத்தண்டிலேயே நடுக்கம் ஏறியது.

"நிறுத்துடா!"

இறங்கி அடியில் புகுந்தார். ஷாப்ட் அளவுக்கு மீறிச் சரிந்து கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. போன வருடம், பாரத்தில் பின்பக்கம் அமுங்குகிறதே என்று ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டவர் அவர்தான். பாரம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி ஷாப்ட் நேராகிவிடும். காலியானால் லோரி மேலே தூக்கிக்கொள்ளும்; இணைப்பு மடங்கியபடியே சுழன்று சாகும். பட்டறைக்கு லோரி எப்போதும் காலியாகத்தான் வரும். அந்தச் சரிவைத் தினமும் பார்த்தவருக்கு அதுவே சரியாகத் தெரிந்திருக்கிறது.

அவருக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை டன்னைச் சுமந்த இரும்பை வெறுமை உடைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், அவர் இருபத்திரண்டு வருடம் அடியில் கிடந்தும் காணாததை இவன் மேலே உட்கார்ந்தபடி முதுகால் கண்டுபிடித்ததுதான்.

கிரீஸ் கையோடு நேராக ஆபீசுக்குப் போனார்.

"மேடம், சேது கால் மேல தப்பில்ல. என் கை மேலதான். அந்தப் பட்டையக் கழட்டிடுறேன். இனிமே லோடு கொறச்சிதான் ஏத்தணும்."

 ஷாமளா திங்கட்கிழமைப் பட்டியலை எடுத்து, குலை வெட்டும் ஆட்களிலிருந்து சேதுவின் பெயரை அடித்தார்.

திங்கட்கிழமை, பட்டைகளைக் கழற்றிய பின், காலியாகத் திரும்பும் நடையில் மறுபடியும் வண்டியில் இருந்தார் சுகுமாரன். தேநீர் அசையவில்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. சேதுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா இருக்கு?"

சேது வேகத்தை அறுபதுக்கு மேல் ஏற்றிப் பார்த்தான். சுகுமாரன் காத்திருந்தார்.

"இப்ப சரிண்ணே."