முப்பது என்றால் எந்த முப்பது

எங்கள் தெருவில் வேகப் பலகை நட்ட அன்று காலை நான் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பசுந்தாங் ஓடைப் பக்கம் இறங்குகிற தெரு அது. முனைக்கொரு கம்பம், கம்பத்தில் சிவப்பு விளிம்பு போட்ட வட்டம், வட்டத்துக்குள் 30. மைல் என்றும் எழுதவில்லை, கிலோமீட்டர் என்றும் எழுதவில்லை.

யாங்கோனில் இது சின்ன விஷயமில்லை. இங்கே ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் ஜப்பானில் ஓடிவிட்டு வந்தவை. வேகமானி முள் காட்டுவது கிலோமீட்டர். வாயில் வருவது மைல். ஊருக்குள் முப்பது மைல் என்று லைசென்ஸ் எடுத்தபோதே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முப்பது மைலில் போனால் முள் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். பழைய விதியையே ஞாபகப்படுத்தத்தான் பலகை வைத்தார்களா, இல்லை முள்ளைப் பார்த்து முப்பதில் போ என்கிறார்களா? முனையில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரரிடம் கேட்டேன். அவர் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மெதுவாப் போனா எப்படியும் தப்பில்ல" என்றார்.

நான் ஓட்டுவது ஃபெரி. இங்கே அந்தப் பேர் படகுக்கு மட்டுமல்ல. ஆபீஸ்காரர்களைக் காலையில் வீட்டு வாசலில் ஏற்றிப் போய், மாலையில் திரும்பக் கொண்டுவிடும் மாத வாடகை வண்டிக்கும் அதுதான் பேர். என் வண்டியில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இருக்கிற ஆறு பேர். ஆறு பேருக்கும் அலோனில், ஆற்றோரக் கிடங்குகளை ஒட்டிய ஒரே அலுவலகத்தில் வேலை. ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும்.

அன்று மாலை என் மனைவியிடம் பலகையைப் பற்றிச் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நாங்கதான் கேட்டோம்" என்றாள்.

"யாரு நாங்க?"

"இந்தத் தெருப் பொம்பளைங்க அஞ்சு பேரு. வார்டு ஆபீசுல லெட்டர் குடுத்தோம். நான்தான் பர்மீஸ்ல எழுதினேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க டிரைவராச்சே."

கடிதம் ஏன் என்பது எனக்குத் தெரிந்தது. போன மழைக்காலத்தில் மூலையில் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்கிற பெண்ணின் காலில், திருப்பத்தில் வேகமாக வந்த பிக்கப் ஒன்று ஏறிவிட்டது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே நான்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை இழுத்தபடி திரும்பி வந்து, அதே மூலையில் மீன் குழம்பு அண்டாவை இறக்கினாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், தினமும் அந்தத் திருப்பத்தை நான் எவ்வளவு வேகத்தில் எடுத்தேன் என்று அன்றுவரை யோசித்ததில்லை.

கடிதத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்திருக்கிறது. பெரிய சாலையில் வெகுதூரம் தள்ளி இருந்த பஸ் நிறுத்தத்தை எங்கள் தெருமுனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. பஸ்ஸை இங்கே லைன்கா என்போம். அடுத்த வாரமே நிறுத்தமும் வந்துவிட்டது. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு சீக்கிரம் இரண்டும் நடந்ததில் எழுதியவளுக்கே ஆச்சரியம்.

நான் முள்ளைப் பார்த்து முப்பதிலேயே ஓட்டினேன். தெருவில் அரை நிமிஷம்தான் கூடுதல். ஆனால் அந்த அரை நிமிஷத்தில் பெரிய சாலை சிக்னல் சிவப்பாகிவிடும். யாங்கோன் சிக்னலில் ஒருமுறை மாட்டினால் செய்தித்தாளில் பாதியைப் படித்துவிடலாம். அடுத்த சிக்னலிலும் மாட்டுவோம். முதல் நாள் பத்து நிமிஷம் தாமதம். இரண்டாம் நாள் கால் மணி நேரம். வண்டிக்குள் ஆறு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வார முடிவில் இரண்டு பேர் என் வண்டியில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் சின்னவள் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அகோ, கோவிச்சுக்காதீங்க. இப்ப லைன்கா வீட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது." அகோ என்றால் அண்ணன். நான் ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? அந்த நிறுத்தத்தைக் கேட்டு வாங்கியது என் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவள்.

திங்கட்கிழமை நான் பழையபடி ஓட்டினேன். முள் ஐம்பதைத் தொட்டது. திருப்பத்துக்கு முன்னால், காய்கறிக் கூடையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள் என் மனைவி. நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். நிறுத்தவும் தோன்றவில்லை, வேகத்தைக் குறைக்கவும் தோன்றவில்லை. போய்விட்டேன்.

சாயங்காலம் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"காலைல பார்த்தேன்."

"முப்பது மைலுதான் போனேன்."

"போர்டுல மைல்னு போட்டிருக்கா?"

"கிலோமீட்டர்னும் போடலயே. நீ லெட்டர்ல என்ன எழுதின?"

"முப்பதுன்னுதான் எழுதினேன்" என்றாள். பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "ஆனா நான் நின்ன எடத்துல காத்து அடிச்சுதுங்க. உங்க வண்டிக் காத்து" என்றாள்.

அந்த வாரமே அலோனில் அது நடந்தது. எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் என் வண்டி இடப்பக்கம் ஓடும் நாட்டுக்காகச் செய்தது. அதன் தள்ளு கதவு நடைபாதைப் பக்கம் திறக்காது. நடுச்சாலைப் பக்கம்தான் திறக்கும். என் பயணிகள் இத்தனை வருஷமாக ஓடும் வண்டிகளுக்கு நடுவேதான் இறங்கி வந்தார்கள். பின்னால் பார்த்து, "இப்ப இறங்குங்க" என்று நான் சொல்வேன். அன்று சொல்ல ஒரு விநாடி பிந்திவிட்டது. பயணிகளில் மூத்த அம்மா ஒருவர், அமா என்று அவரைக் கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம், ஒரு காலைக் கீழே வைத்தார். ஒரு கார் உரசிக்கொண்டு போனது. அதன் பக்கக் கண்ணாடி கதவின் விளிம்பில் மோதியது. அமாவின் கையிலிருந்த சோற்று அடுக்கு தெறித்துச் சாலையெல்லாம் சோறு.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்; இங்கே பெண்களும் கட்டுவது லுங்கிதான், அது முழுக்கக் குழம்பு. கார்க்காரர் ஓடவில்லை. நிறுத்தி இறங்கி வந்தார். என் வயதுதான்.

"முப்பது மைலுதான் வந்தேன், அகோ. சத்தியமா முப்பதுதான்" என்றார்.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்தச் சாலையில் புதுப் பலகை எதுவும் கிடையாது. விதிப்படி அது சரியான வேகம். என் கதவு திறந்திருந்தது என் தப்பு. திட்டலாமென்று வாயைத் திறந்தவன், "போங்க, பரவாயில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அமா சாலையில் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அவன் இன்னும் கொஞ்சம் மெதுவா வந்திருந்தா நான் காலை உள்ள இழுத்திருப்பேன்" என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற குரல்.

கதவு வளைந்து மூடவில்லை. வண்டியைப் பட்டறையில் விட்டேன். பயணிகளைத் தனியாக விடக்கூடாதென்று, அடுத்த நாள் காலை அவர்களோடு நானும் லைன்கா ஏறி அலோன் வரை போனேன். இருபது வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவனுக்கு லைன்காவில் எங்கே பிடித்துக்கொள்வதென்று தெரியவில்லை. காசு போடும் பெட்டியைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். என் வண்டியை விட்டு விலகிய அந்தச் சின்னப் பெண்தான் கூப்பிட்டுக் காட்டினாள். கூட்டம் நெரித்தது, வியர்த்தது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஆனால் கதவு நடைபாதைப் பக்கம் திறந்தது. அமா அவசரமில்லாமல் இறங்கினார். மணி ஒன்பதே கால். தாமதம்தான். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, என் தொழிலைக் கெடுத்த வண்டியில் நான் ஏன் நிம்மதியாக இருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். தெருமுனையில் இறங்கத் தவறி அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டேன்.

வண்டி சரியானதும் ஒரு முடிவுக்கு வந்தேன்: இருபது நிமிஷம் முன்னதாகக் கிளம்புவது, தெருவில் முள்ளின் முப்பது. மீதி நான்கு பேரில் ஒருவர் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க முடியாதென்று விலகிவிட்டார். அமாவையும் சேர்த்து மூன்று பேர் இருக்கிறார்கள். இறங்கும்போது நானே முதலில் இறங்கிப் போய்க் கதவருகே நிற்கிறேன். பின்னால் வரும் வண்டிகள் ஹார்ன் அடிக்கின்றன. நியாயம்தான், நானும் அடித்தவன்தான். வருமானம் குறைந்திருக்கிறது, மாலையில் கிம்மிண்டைங் சந்தைக்குச் சரக்கு ஏற்றிச் சமாளிக்கிறேன். நல்லதுதான் நடந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால், காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் சொல்வேன்.

போன மாதம் மனைவி என்னையும் வார்டு ஆபீசுக்கு அழைத்துப் போனாள். நடைபாதையை அடைத்திருக்கிற ஜெனரேட்டர்களை நகர்த்தச் சொல்லி இன்னொரு கடிதம். மழை பெய்தது, குடை பிடிக்க ஆள் வேண்டும் என்றாள். உள்ளே இருந்த எழுத்தர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்களும் கோரிக்கைக்காரரா?" என்றார்.

"நான் இவங்க வீட்டுக்காரன்" என்றேன்.

அவர் எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் என் மனைவி, "ஆமான்னு சொன்னா என்னவாம்?" என்று கேட்டாள். மழை இன்னும் விடவில்லை. இருவரும் ஒரே குடையில், தேங்கிய நீரைப் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து, வீட்டுக்கு நடந்தோம்.